மலைப் பாதையும் ஜீப் சாரதியும்

மோட்டார் ஓட்டுந் திறமை வேகத்தில் இருக்கிறதென்று நம்மில் பலர் எண்ணுகிறார்கள். அன்னார் கொழுக்குமலைப் பாதையை ஒரு முறை பார்த்து வருதல் நலம்.

தேனி ஜில்லாவைச் சேர்ந்த இத்தேயிலைத் தோட்டம், கடல் மட்டத்துக்குமேல் சுமார் 7,000 அடி உயரத்தில் உள்ளது. பூமி தமிழ்நாட்டினுடையதாயினும், வண்டி ஏறும் வழி கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்தே செல்கிறது. தூரம் சுமார் 12 கிலோமீட்டர்தான். ஆயினும் பெயர்ந்த கற்களும் பள்ளங்களும் நிறைந்த அவ்வழியைக் கடக்க ஒரு மணி நேரத்துக்குக் குறையாது.

சாதாரண மோட்டாரில் என்ஜினின் வலிமை இரண்டு சக்கரங்களுக்கே செல்கிறது. அவற்றுள் ஒன்று பள்ளத்தின்மேல் தொங்கினால், அது வீணே சுழல, வண்டி அசையாது நின்றுவிடும். ஜீப்பிலோ நான்கு சக்கரங்களும் இழுக்கின்றன. அன்றியும், தனியான தாழ்ந்த கியர் அமைப்பு வேகத்தைக் குறைத்து இழுவையைப் பெருக்குகிறது. இறக்கத்தில் தேர்ந்த சாரதி பிரேக்கை மட்டும் நம்பமாட்டார். ஓயாது மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். தாழ்ந்த கியரிலிட்டு, என்ஜினே வண்டியை அடக்குமாறு விடுவார். பொறுமையே இங்கு வித்தை.

1941-ல் அமெரிக்க ராணுவத்துக்காக வில்லிஸ் கம்பெனி பெருவாரியாகச் செய்யத் தொடங்கிய வண்டி இது. 1940-களின் பிற்பகுதியில் மஹிந்திரா கம்பெனியார் பாகங்களைத் தருவித்து, நம் நாட்டிலேயே பூட்டி விற்கலாயினர். யுத்தத்துக்குப் பிறந்த வண்டி உழைப்பாளியின் வண்டியாயிற்று.

நிற்க. பாதை கரடுமுரடாக இருப்பதே அழகென்று வேடிக்கை பார்க்க வருவோர் கூறுகின்றனர். சிலர் தடத்தை விட்டு விலகிப் புல்வெளியிலும் வண்டியைச் செலுத்தித் தங்கள் வீரத்தைக் காட்டுகின்றனர். புல் பெயர்ந்த சரிவில் மழைநீர் வாய்க்கால் பறிக்கும். மண் போனபின் மலையில் எஞ்சுவது பாறையே. இது வீரமாகுமா?

அவர்களுக்கு ஒரு காலை நேரத்து விளையாட்டாக இருப்பது, தோட்டத் தொழிலாளிக்கு ஜீவாதாரமான வழி. நோய் கண்டவரையும் பிரசவ வேதனைப்படும் பெண்ணையும் வண்டியில் இறக்குவதற்கு உரிய பாதை இதுவே. விருந்தினரின் உல்லாசத்தை முன்னிட்டு அவர்கள் எலும்பு நோகவேண்டுமென்பது என்ன நியாயம்?

ஆதலின் தோட்டத்தாரும் இரு ராஜ்ய சர்க்கார்களும் கலந்து பேசி, அபாயமான வளைவுகளில் தடுப்புச் சுவரும், மழைநீர் ஓடக் கால்வாயும் அமைக்க வேண்டும். ஜீப்புகளின் பிரேக்கையும் டயரையும் காலந்தவறாது சோதிப்பதும், சாரதிகளுக்கு நியாயமான கூலி கிடைக்கச் செய்வதும் அவசியம். எல்லைக்கோட்டைக் காரணங்காட்டி ஒருவர்மேல் ஒருவர் பொறுப்பைச் சுமத்துவது தகாது. மலையேறிச் செல்லும் அன்பர்களும் தடம் விலகாமல், அவ்வூர்ச் சாரதியின் சொற்கேட்டு நடப்பார்களென நம்புகிறோம்.