மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காத பிள்ளைக்கு அடுத்த வழி என்ன?

மக்களின் நன்மதிப்பைப் பெற்ற தொழில்களுள் மருத்துவத் தொழில் தலையாயது. நம் தோட்டப்புறங்களில் இம்மதிப்பு இன்னும் ஒருபடி மேலானதாகும். முற்காலத்தில் காய்ச்சல் கண்டாலும், பாம்பு தீண்டினாலும், பால்வெட்டுக் கத்தி கையைப் பதம் பார்த்தாலும் தோட்டத்து டிரசரே முதலில் கவனித்தார். பெரிய டாக்டர் குறித்த நாள்களில் மட்டும் வந்து போவார். ஆகவே, 'என் பிள்ளை டாக்டராக வேண்டும்' என்று ஒரு பால்வெட்டுத் தொழிலாளி ஆசைப்படுவதில் வியப்பொன்றுமில்லை. அவ்வாசை நிறைவேறிய குடும்பங்களும் நம்மிடையே உண்டு.

ஆயினும், விரும்பிய எல்லாருக்கும் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைப்பதில்லை. எஸ்.டி.பி.எம். பெறுபேறு எதிர்பார்த்ததைவிடக் குறைந்து, பல்கலைக்கழகத்திலிருந்தும் 'இடமில்லை' என்னும் விடை வரும்போது வீடே களையிழந்து போகிறது. அந்நிலையில் இருவகைத் தவறுகள் நிகழக் காண்கிறோம். சில பிள்ளைகள் மனமுடைந்து, புத்தகங்களைக் கட்டி வைத்துவிட்டு, கிடைத்த தொழிற்சாலை வேலைக்குச் சென்றுவிடுகின்றனர். சில பெற்றோர்களோ, 'பெறுபேறு குறைவாயினும் பரவாயில்லை. வெளிநாட்டில் இடம் வாங்கித் தருகிறோம்' என்று கூறும் முகவரை நம்பி, வாழ்நாள் சேமிப்பைக் கையில் எடுத்துக் கொடுத்துவிடுகின்றனர். இவ்விரண்டும் அவசரத்தில் எடுக்கும் முடிவுகளே. அந்த முடிவை நிதானமாக எடுப்பது எவ்வாறு என்பதை இங்கு விளக்க விரும்புகிறோம்.

முதலில் காரணத்தை அறிக

'இடமில்லை' என்னும் ஒரே விடைக்கு இருவேறு காரணங்கள் இருக்கக்கூடும்.

முதலாவது, அடிப்படைத் தகுதி இல்லாமை. நம் நாட்டில் மருத்துவம் பயில விழையும் எஸ்.டி.பி.எம். மாணவர், பொதுவாக உயிரியல், இரசாயனம் ஆகிய இரண்டிலும், அவற்றோடு பௌதிகம் அல்லது கணிதத்திலும் 'பி' தகுதி பெற்றிருத்தல் வேண்டும். எஸ்.பி.எம். தேர்விலும் அறிவியல், கணிதப் பாடங்களில் நல்ல தேர்ச்சி தேவை. இந்த வரம்புக்குக் கீழே இருப்பவரின் விண்ணப்பம் தொடக்கத்திலேயே நின்றுவிடுகிறது.

இரண்டாவது, போட்டியில் பின்தங்குதல். அடிப்படைத் தகுதி இருந்தும் இடம் கிடைக்காமற் போவது இதனாலேயாகும். அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிப்போரைத் தரவரிசைப்படுத்தும்போது கல்விப் பெறுபேற்றுக்கு 90 விழுக்காடும் புறப்பாட நடவடிக்கைகளுக்கு 10 விழுக்காடும் கணக்கிடப்படுகின்றன. மருத்துவத்துக்கு நேர்முகத் தேர்வும் உண்டு. எஸ்.டி.பி.எம். தேர்வில் 'பி' தகுதிக்கு 3.00 புள்ளி, 'ஏ' தகுதிக்கு 4.00 புள்ளி. மருத்துவத்துக்குப் போட்டியிடுவோரில் மிகப் பலர் 4.00 புள்ளியையோ அதற்கு மிக நெருங்கிய புள்ளியையோ பெற்றவர்கள். எனவே, மூன்று பாடங்களிலும் 'பி' பெற்ற பிள்ளை தகுதியற்ற பிள்ளையன்று. ஆனால், அப்போட்டியில் வெல்லப் போதிய புள்ளி அப்பிள்ளையிடம் இல்லை. இவ்வேறுபாட்டைப் பெற்றோர் உணர்ந்துகொள்ளுதல் மிகவும் அவசியம்.

முடிவு வெளியான பின் மேல்முறையீடு செய்வதற்குக் குறுகிய கால அவகாசம் தரப்படுகிறது. அதனைத் தவற விடலாகாது. எனினும், புள்ளி பெரிதும் குறைந்திருக்கையில் மருத்துவத்துக்கே மீண்டும் மேல்முறையீடு செய்வதால் பயன் விளைவது அரிது. அதற்குப் பதிலாக, அப்புள்ளிக்கு ஏற்ற வேறொரு சுகாதாரத் துறைப் படிப்பைக் கேட்டு மேல்முறையீடு செய்தல் அறிவுடைமையாகும்.

மறுமுறை தேர்வு எழுதலாமா?

2012-ஆம் ஆண்டு முதல் எஸ்.டி.பி.எம். கல்வி மூன்று பருவங்களாகப் பிரித்து நடத்தப்பட்டு வருகிறது. குறைந்த தகுதி பெற்ற தாள்களை மறுமுறை எழுதுவதற்கும் வழியுண்டு. எந்தத் தாளை எப்போது எழுதலாம் என்பதை மலேசியத் தேர்வு மன்றத்தின் அறிவிப்பிலோ, படித்த பள்ளியிலோ கேட்டறியலாம்.

ஆனால், மறுமுறை எழுதுவதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். 'பெறுபேறு உயர்ந்தால் எந்தக் கதவு திறக்கும்?' என்பதே அது. எடுத்துக்காட்டாக, 2.80 புள்ளி பெற்ற ஒரு மாணவி ஓராண்டு உழைத்து 3.20 புள்ளியை எட்டுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அது பாராட்டத்தக்க முன்னேற்றமே. எனினும், அப்புள்ளியால் அரசாங்கப் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவில் இடம் கிடைக்குமென்று எதிர்பார்ப்பதற்கில்லை. பாடங்களின் தகுதியும் பொருந்தி வந்தால் தனியார் கல்லூரியின் கதவு திறக்கலாம். அங்கே தேவைப்படுவது சில இலட்சம் ரிங்கிட். அப்பணத்துக்கு வழியில்லையெனில், அந்த ஓராண்டு அவளை மருத்துவத்துக்கு அருகில் கொண்டு செல்லாது. அதே 3.20 புள்ளி வேறொரு நல்ல பட்டப்படிப்புக்கு வழிவிடுமாயின், அந்த ஓராண்டுக்குப் பொருளுண்டு.

ஒன்றிரண்டு தாள்களில் மட்டும் தகுதி குறைந்து, அதற்கு நோய், குடும்பத் துயரம், இரவு வேலை போன்ற தெளிவான காரணமும் இருந்து, அக்காரணம் இப்போது நீங்கியுமிருந்தால் மறுமுறை எழுதுவது நன்று. எல்லாப் பாடங்களிலும் முழு முயற்சி செய்தும் 'சி' தகுதிக்கு மேல் உயரவில்லையெனில், அதே முயற்சியை அதே முறையில் திரும்பச் செய்வதால் பலன் மாறிவிடாது. எவ்வாறாயினும், 'ஒரு முறை. இன்ன மாதம் வரை. இன்ன புள்ளி' என்று முன்கூட்டியே வரையறுத்துக்கொள்ள வேண்டும். அதே வேளையில் மற்றப் படிப்புகளுக்கும் விண்ணப்பித்து வைத்திடல் வேண்டும்.

முகவர் சொல்லும் 'எளிய வழி'

ஆழம் அறியாமல் காலை விடலாகாது என்பர் பெரியோர். வெளிநாட்டு மருத்துவக் கல்வி முழுவதும் ஏமாற்று என்று நாம் கூறவில்லை. வெளிநாடுகளில் முறையாகப் பயின்று திரும்பிய மருத்துவர்கள் பலர் நம் மருத்துவமனைகளில் சேவையாற்றுகின்றனர். ஆனால், ஒரு பல்கலைக்கழகம் மாணவரைச் சேர்த்துக்கொள்வது வேறு. அது வழங்கும் பட்டத்தை நம் நாடு ஏற்றுக்கொள்வது வேறு. மலேசியாவில் மருத்துவராகப் பணியாற்ற 1971-ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின்கீழ் மலேசிய மருத்துவ மன்றத்தில் பதிவு பெற வேண்டும். அம்மன்றம் ஏற்றுக்கொள்ளாத பட்டத்தைப் பெற்றவர், பதிவு பெறுவதற்கு முன் மன்றத்தின் தகுதித் தேர்வில் தேறியாக வேண்டும்.

உக்ரேனின் கிரிமியாவிலிருந்த மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு வழங்கியிருந்த அங்கீகாரத்தை மீட்டுக்கொள்வதாக 2005-ஆம் ஆண்டில் மலேசிய அரசாங்கம் அறிவித்தபோது, நம் மாணவர்களும் பெற்றோர்களும் அடைந்த கலக்கம் பலருக்கு நினைவிருக்கலாம். ஆகவே, பணம் கட்டுவதற்கு முன் இரண்டு செய்திகளை மலேசிய மருத்துவ மன்றத்திடமே எழுத்து மூலம் கேட்டுப் பெறுதல் வேண்டும்: அப்பல்கலைக்கழகத்தின் பட்டம் ஏற்கப்படுகிறதா? நம் பிள்ளையின் எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். பெறுபேறு நுழைவுத் தகுதிக்குப் போதுமானதா? முகவரின் வாய்மொழியும் வண்ணப் பிரசுரமும் இதற்கு ஈடாகா.

பணக் கணக்கையும் பார்ப்போம். ஒரு தனியார் மருத்துவப் படிப்பின் செலவு 300,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். அச்சம்பளத்தில் ஒரு காசும் உண்ணாமல், உடுக்காமல் சேர்த்தாலும் அத்தொகையை எட்டப் பதினான்கு ஆண்டுகளுக்கு மேலாகும். பி.டி.பி.டி.என். கல்விக் கடன் உள்நாட்டில் அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்கே கிடைக்கிறது. அதுவும் மருத்துவக் கட்டணம் முழுவதையும் ஈடுசெய்யும் என்று எண்ணலாகாது.

ஊழியர் சேமநிதியிலிருந்து பிள்ளையின் கல்விக்குப் பணம் எடுக்க அனுமதியுண்டு. ஆனால், தோட்டத் தொழிலாளி ஓய்வு பெறும்போது தோட்டத்து வீட்டையும் விட்டு வெளியேற நேரிடலாம் என்பதை நினைவிற் கொள்க. அன்று தலைக்கு மேல் கூரை வேண்டுமாயின், கைக்கு உதவுவது அச்சேமிப்பே. அதனை எடுத்த பின்னரும் படிப்பை முடிக்கப் பணம் போதாமற் போனால், பட்டமும் இராது, வீடும் இராது. முதலாம் ஆண்டுக் கட்டணத்துக்குப் பணம் இருப்பதை வைத்து முடிவு செய்யாமல், இறுதி ஆண்டுவரை பணம் வரும் வழியை எழுதிப் பார்த்த பின்னரே கையெழுத்திட வேண்டும்.

காலக் கணக்கும் உண்டு. மருத்துவப் படிப்பு ஐந்து ஆண்டுகள். அதன் பின் மருத்துவமனைப் பயிற்சி இரண்டு ஆண்டுகள். நட்ட ரப்பர்க் கன்று வெட்டுக்கு வரும் காலத்தைவிட இது குறைந்ததன்று. 2016 டிசம்பர் முதல் அரசாங்க மருத்துவமனைகளில் புதிய மருத்துவர்கள் ஒப்பந்த அடிப்படையிலேயே முதலில் நியமிக்கப்பட்டு வருகின்றனர். எனவே, பட்டம் பெற்றவுடன் நிரந்தர வேலை உறுதி என்று கருதிக் கடன் வாங்குவதும் தகாது.

மருத்துவமனைக்கு வாயில்கள் பல

மருத்துவமனை டாக்டரால் மட்டும் இயங்குவதன்று. ஆதலின், 'மருத்துவத்தில் உனக்குப் பிடித்தது எது?' என்று பிள்ளையை அமைதியாகக் கேட்டுப் பாருங்கள்.

'நோயாளிகளுக்கு நேரில் உதவ விரும்புகிறேன்' என்று பிள்ளை கூறினால், உதவி மருத்துவ அதிகாரி, தாதி, உடலியக்கச் சிகிச்சையாளர் ஆகிய பணிகள் உள்ளன. ஆராய்ச்சியில் நாட்டமெனில், இரத்தம் முதலியவற்றைச் சோதித்து நோயறியும் ஆய்வுக்கூடப் பணியும் உயிர்மருத்துவ அறிவியல் பட்டமும் உள்ளன. மருந்துகளைப் பற்றி அறிய ஆவலெனில் மருந்தியல் துறையும், இயந்திரங்களில் ஆர்வமெனில் எக்ஸ்-ரே படம் எடுக்கும் துறையும், நோய் வராமல் தடுப்பதில் அக்கறையெனில் சுற்றுச்சூழல் சுகாதாரத் துறையும் உள்ளன.

இவற்றுள் உதவி மருத்துவ அதிகாரியின் பணி நமக்குப் புதியதன்று. நாம் 'டிரசர்' என்றழைத்து வந்தவரின் வழியில் வளர்ந்த தொழிலே அது. 1977-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தனிச் சட்டத்தின்கீழ் அத்தொழிலர்கள் பதிவு செய்யப்படுகின்றனர். நள்ளிரவில் தோட்டத்து மக்களின் உயிரைக் காத்த அக்கைகளை நாம் மதித்தோமன்றோ? அப்பணியைத் தம் பிள்ளை ஏற்பதை மட்டும் தாழ்வெனக் கருதுவது முறையாகுமா? உடலியக்கச் சிகிச்சை, எக்ஸ்-ரே, ஆய்வுக்கூடம் போன்ற துறையினருக்கும் 2016-ஆம் ஆண்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது.

உதவி மருத்துவ அதிகாரி, தாதி போன்ற பணிகளுக்கான டிப்ளோமாக் கல்வி மூன்று ஆண்டுகள். சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்களில் சேர விழைவோர் பொதுச் சேவை ஆணையத்தின் அறிவிப்பைக் கவனித்து விண்ணப்பிக்கலாம். இவற்றுக்கு எஸ்.பி.எம். தகுதியே அடிப்படையாதலின், எஸ்.டி.பி.எம். பெறுபேறு குறைந்தவர்க்கும் இவ்வழி அடைபட்டுவிடவில்லை. தனியார் கல்லூரியை நாடுவோர் அப்படிப்புக்கு மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனமான எம்.கியூ.ஏ.யின் அங்கீகாரம் உண்டா என்று முதலில் பார்த்தல் வேண்டும். பின்னாளில், சுகாதார அறிவியல் பட்டத்தில் உயர்ந்த தேர்ச்சி பெற்றவர்களை மருத்துவப் படிப்பில் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிகளும் உள்ளன. ஆனால், அந்த ஒரு நம்பிக்கையில் மட்டும் வேறொரு படிப்பில் சேரலாகாது. அத்தொழிலிலேயே வாழ்நாள் முழுவதும் மனநிறைவோடு இருக்க முடியுமா என்று எண்ணிப் பார்த்துச் சேர வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

முடிவு வந்த அன்றே எதையும் தீர்மானிக்க வேண்டாம். ஆயினும், மேல்முறையீட்டுக்கும் மற்றப் படிப்புகளுக்கும் உரிய இறுதி நாள்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 'அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்' என்னும் சொல்லைத் தவிருங்கள். அது புண்ணை ஆற்றாது. பிள்ளை பல நாள் உண்ணாமலும் உறங்காமலும் ஒதுங்கியே இருந்தால் அரசாங்கச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லத் தயங்காதீர்கள்.

பின்னர், தாய், தந்தை, பிள்ளை மூவரும் அமர்ந்து, இயன்றால் பள்ளி ஆலோசக ஆசிரியர் ஒருவரையும் உடன் வைத்துக்கொண்டு, ஒரு தாளில் நான்கு செய்திகளை எழுதுங்கள்: விண்ணப்பம் நின்றது தகுதிக் குறைவாலா, போட்டியாலா? மறுமுறை எழுதினால் எந்தக் கதவு திறக்கும்? இறுதி ஆண்டுவரை பணம் எங்கிருந்து வரும்? மருத்துவத்தில் பிள்ளைக்குப் பிடித்தது எது? இந்நான்குக்கும் நேர்மையான விடை கிடைத்தால், எடுக்க வேண்டிய முடிவு பெரும்பாலும் தானே தெளிவாகும்.

முகவர் எவரேனும் 'இன்றே முன்பணம் கட்டினால்தான் இடம்' என்று அவசரப்படுத்தினால், அந்தத் தாளை எடுத்து அவர் முன் வையுங்கள். அதிலுள்ள கேள்விகளுக்கு எழுத்து மூலம் விடை தர இயலாதவரிடம் சேமநிதிப் பணத்தை ஒப்படைத்தலாகாது.