ஒரு பாணும் இரு வெள்ளித் தண்டுகளும்: ஹியூகோவின் நாவலிற் கருணை பற்றிய ஒரு நோக்கு

வாழ்க்கையின் கொடுமையால் நெஞ்சு வன்மையுற்ற ஒருவனிடத்தும் கருணை நற்பண்பை எழுப்பவல்லது என்னுங் கருத்து மிகப் பழைமையானது. தீங்கு செய்தவன் நாணுமாறு அவனுக்கு நன்மை செய்துவிட வேண்டுமென வள்ளுவர் கூறியதைப் பள்ளிப் பருவத்திலேயே நாம் மனனஞ் செய்துள்ளோம். எனினும், சமுதாயத்தை வரலாற்று நோக்கிற் பார்க்கப் பழகிய வாசகர் இக்கருத்தை ஐயத்துடன் அணுகுவதிலும் நியாயம் உண்டு. வறுமையையும் ஒடுக்குமுறையையும் தோற்றுவிக்கும் அமைப்பைத் தொடாது விட்டு, தனிமனிதரின் ஈரநெஞ்சை மாத்திரம் போற்றுவது, மாற்றத்தைப் பின்தள்ளும் உபாயமாகவும் அமைந்துவிடலாம். கருணையின் ஆற்றல் யாது, அதன் எல்லை யாது என்னும் இரு வினாக்களையும் ஒருசேர எழுப்பும் படைப்பு என்ற வகையில், விக்ரர் ஹியூகோ (1802-1885) எழுதிய 'லே மிசராப்லே' என்னும் பிரெஞ்சு நாவலை இங்கு ஆராய முற்படுகின்றோம்.

இந்நாவல் தமிழருக்குப் புதியதன்று. சுத்தானந்த பாரதியார் இதனை 'ஏழை படும் பாடு' என்ற பெயரில் தமிழாக்கினார். அப்பெயரிலேயே 1950 இல் கே. ராம்நாத்தின் இயக்கத்தில் திரைப்படமும் வெளிவந்தது. கதாநாயகனாக நாகையா நடித்தார். பொலிஸ் அதிகாரியாக நடித்த சீதாராமன், அதன் பின்னர் 'ஜாவர்' சீதாராமன் என்றே வழங்கப்பட்டார். இவற்றின் வழியாக எம்மவர் நெஞ்சில் நிலைத்தது, திருடனுக்கு வெள்ளிப் பொருளை ஈந்த ஆயரின் கதையே எனலாம். அக்காட்சி நாவலின் தொடக்கப் பகுதியில் வருவது. அதன் பின்னர் நிகழ்வனவற்றைச் சேர்த்து நோக்கும்போதே ஆசிரியரின் கருத்து முழுமை பெறுகின்றது.

1. வன்மை உருவாகும் முறை

ஜீன் வல்ஜீன் பிறவியிற் கொடியவன் அல்லன். மரக்கிளை நறுக்கும் கூலித்தொழிலாளி. கணவனை இழந்த தமக்கையையும் அவளுடைய ஏழு பிள்ளைகளையும் தாங்கியவன். 1795 ஆம் ஆண்டின் கடுங்குளிரில் வேலையும் இல்லை, வீட்டில் உணவும் இல்லை. பேக்கரி ஒன்றின் கண்ணாடியை உடைத்து ஒரு பாணை எடுத்தான். அதற்குக் கிடைத்தது ஐந்தாண்டுக் கடூழியச் சிறை. தப்பியோட நான்கு முறை முயன்றமையால் மேலும் பதினான்கு ஆண்டுகள் கூடின. தூலோன் துறைமுகச் சிறையிலிருந்து 1815 இல் அவன் வெளியேறியபோது பத்தொன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன.

இவ்விடத்து ஹியூகோ கணக்கெழுதுபவர் போலச் செயற்படுவது மனங்கொள்ளத்தக்கது. பத்தொன்பது ஆண்டு உழைப்புக்கு அவன் கையிற் கிடைத்தது 109 பிராங்கும் 15 சூவுமே. தனக்குச் சேரவேண்டியது 171 பிராங்கு என அவன் கணக்கிட்டிருந்தான். விடுதலையான மறுநாள் ஓரிடத்திற் சுமை இறக்கி உழைத்தான். அவனது மஞ்சள் நிறக் கடவுச்சீட்டைக் கண்டதும் ஏனையோருக்குரிய கூலியைக் குறைத்துக் கொடுத்தனர். முன்னாட் கைதி என்பதைச் செல்லுமிடமெல்லாம் அறிவிப்பது அச்சீட்டு. பணங் கொடுக்க ஆயத்தமாயிருந்தும் விடுதிகள் அவனை ஏற்கவில்லை. சிறைச்சாலையும் இடந்தரவில்லை. நாய்க்கூண்டில் நுழைந்தவனை நாயே விரட்டியது.

சிறையில் அவன் எழுத்தறிவு பெற்ற செய்தியையும் நாம் நோக்கவேண்டும். நாற்பது வயதில் வாசிக்கவும் எழுதவும் கணக்குப் பார்க்கவும் கற்றான். அறிவை வளர்ப்பது தன் பகைமையை வலுப்படுத்தும் என்பதே அவனுடைய எண்ணம். அநீதியை உணர்ந்தவனுக்குக் கிடைத்த கல்வியும் வெறுப்பின் கருவியாயிற்று. ஆகவே வல்ஜீனின் வன்மை, நீதிமன்றமும் சிறையும் கூலிக்கணக்கும் கடவுச்சீட்டும் கூடிப் பத்தொன்பது ஆண்டுகளில் ஆக்கிய உற்பத்திப் பொருள். மன இயல்பு என்று அதனைக் கூறிவிடுவது பொருந்தாது.

2. கொடையும் கடனும்

தீஞ் என்னும் ஊரில் ஆயர் மிரியேல் இவனை ஏற்கின்றார். அவ்வூரில் உண்மையாகவே ஆயராயிருந்த மியோலிஸ் என்பவரை முன்மாதிரியாகக் கொண்டே இப்பாத்திரம் படைக்கப்பட்டது. ஆயர் அவனை மரியாதைச் சொல்லால் விளிக்கின்றார். மேசையில் வெள்ளிப் பொருள்களை இடுவித்து, வெள்ளித் தண்டுகளில் மெழுகுதிரி ஏற்றுவிக்கின்றார். அவனது குற்றம் யாதென வினவவுமில்லை, அறிவுரை வழங்கவுமில்லை.

அன்றிரவே வல்ஜீன் அவ்வெள்ளிப் பொருள்களைத் திருடுகின்றான். விற்றால் இருநூறு பிராங்கு கிடைக்கும், அது தான் பத்தொன்பது ஆண்டுகளில் ஈட்டியதன் இரு மடங்கு என்பதே இருளில் அவன் செய்த கணக்கு. மரியாதையும் உணவும் படுக்கையும் பெற்ற பின்னரும் அவன் திருடினான் என்பதை நாம் மறத்தலாகாது. அன்பான ஒரு மாலைப்பொழுது பத்தொன்பது ஆண்டுகளை அழித்துவிடும் என்று ஹியூகோ நம்பவில்லை.

மறுநாட் காலை பொலிசார் அவனைப் பிடித்துக் கொணர்கின்றனர். ஆயரோ, அப்பொருள்களைத் தாமே கொடுத்ததாகக் கூறி, மெழுகுதிரித் தண்டுகளையும் கொண்டுசெல்ல மறந்ததேன் என வினவி, அவற்றையும் கையில் ஒப்படைக்கின்றார். பலரும் மன்னிப்பின் உச்சமாகக் கொள்வது இக்காட்சியையே. ஆனால், பொலிசார் வருவதற்கு முன்னர், திருட்டை அறிந்து பதறிய வீட்டுப் பணிப்பெண்ணிடம் ஆயர் கூறுவதே அச்செயலுக்குத் திறவுகோல். அவ்வெள்ளி ஏழைகளுக்குரியது, நெடுங்காலம் தாமே அதனைத் தவறாக வைத்திருந்ததாகவும், எடுத்துச் சென்றவனும் ஏழையே என்றும் அவர் கருதுகின்றார். அவர் தம்மை ஈகையாளராக எண்ணவில்லை. உரியவனிடம் பொருள் சேர்ந்தது என்பதே அவரது நிலை.

இது வாய்ப்பேச்சும் அன்று. அரசு தரும் 15,000 இலிவரில் 1,000 மாத்திரமே தமக்கென வைத்து எஞ்சியதைப் பங்கிட்டவர் அவர். இடநெருக்கடியுற்ற வைத்தியசாலைக்குத் தம் மாளிகையைக் கொடுத்து, அதன் சிறு கட்டடத்தில் தாம் குடிபுகுந்தவர். கருணைச் செயலின் முன்னே ஒரு பொருளாதார ஒழுங்கு நிற்கின்றது. கொடையாக வரும் கருணை, பெறுபவனைத் தாழ்த்தி அவனது வன்மையை வளர்ப்பதுண்டு. கடன் தீர்ப்பாக வரும் கருணை, அவனை உரிமையுள்ள மனிதனாக நிமிர்த்துகின்றது. வல்ஜீனின் நெஞ்சைத் தொட்டது இந்த இரண்டாவது வகையே என்பது எமது கருத்து.

அப்போதும் மாற்றம் உடனே நிகழவில்லை. ஊரைவிட்டு வெளியேறிய அவன், எதிர்ப்பட்ட ஏழைச் சிறுவன் ஒருவனின் நாற்பது சூ நாணயத்தைக் காலால் மிதித்து மறைத்துப் பறித்துக்கொள்கின்றான். வெள்ளிப் பொருள் நிறைந்த பையுடன் நிற்பவனுக்கு அந்த நாணயம் தேவையன்று. பழக்கமே அவன் காலை இயக்கியது. சிறுவன் அழுதுகொண்டு ஓடிய பின்னரே தான் யாராகிவிட்டேன் என்பதை அவன் காண்கின்றான், பத்தொன்பது ஆண்டுகளில் முதன்முறையாக அழுகின்றான். வள்ளுவர் கூறிய நாணம் இங்கேயே பிறக்கின்றது. ஆயர் முன்னிலையிற் பிறவாத அது, தன்னிலும் எளியவன் முன்னிலையிற் பிறப்பது கூர்ந்து நோக்கற்பாலது.

3. நல்ல முதலாளியின் எல்லை

விழித்த நற்பண்பு வாழ்வதற்கு இடம் வேண்டும். சட்டம் அந்த இடத்தைத் தரவில்லை. நல்லவனாக வாழ விரும்பிய வல்ஜீன் முதலிற் செய்யவேண்டியிருந்தது பெயரை மறைப்பதே. மதலேன் என்ற பெயரில் மொந்திரேய் நகரிற் கருமணித் தொழிலைச் சீர்படுத்திச் செல்வனாகின்றான். வைத்தியசாலைக்குக் கட்டில்களும் பிள்ளைகளுக்குப் பாடசாலைகளும் தருகின்றான். நகர முதல்வனுமாகின்றான்.

ஆயினும் அவனது தொழிற்சாலையிலிருந்தே ஃபன்தீன் என்னும் இளம் தாய் விலக்கப்படுகின்றாள். மணமாகாது பிள்ளை பெற்றவள் என்பதே அவள்மீது சாட்டிய குற்றம். பெண் தொழிலாளர் ஒழுக்கமுடையராய் இருத்தல் வேண்டுமென்ற விதியை வகுத்தவன் மதலேனே. பெண்கள் பகுதியை மேற்பார்வைப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு அவன் அங்கு செல்வதே அரிது. அவள் அவனது பெயரால் ஐம்பது பிராங்கு கொடுத்து ஃபன்தீனை வெளியேற்றுகின்றாள். ஃபன்தீன் தலைமயிரை விற்று, பற்களை விற்று, இறுதியில் உடலையும் விற்கின்றாள். பின்னர் வல்ஜீன் கைதானதும் அந்நகரின் தொழிலே சரிந்துபோகின்றது.

மனிதாபிமானியான முதலாளியைப் படைத்த ஹியூகோ, அவனது தொழிற்சாலைக்குள்ளேயே அவனது கருணையின் தோல்வியையும் காட்டிவிட்டார். நல்லெண்ணம் ஒருவரின் நெஞ்சில் மாத்திரம் தங்கியிருக்கும்வரை, அவர் காணாத அறையில் அதற்கு வலுவில்லை. அவர் நீங்கிய பின்னர் அதற்கு ஆயுளுமில்லை. கார்ல் மார்க்சின் மருமகனாகிய போல் லபார்க் 1885 இல் ஹியூகோவைப் பூர்சுவா வர்க்கத்தின் எழுத்தாளராகக் கண்டு கடுமையாக விமர்சித்தார். ஆசிரியரின் அரசியல் பற்றி அவர் கூறியவற்றிற் பொருளுண்டு. ஆனால் படைப்பு சில வேளைகளில் ஆசிரியரின் நிலைப்பாட்டையும் கடந்து செல்கின்றது என்பதற்கு ஃபன்தீனின் கதை சான்றாகும்.

4. ஜாவரின் குறிப்பு

வல்ஜீனைத் துரத்தும் ஜாவரும் வாழ்க்கையால் இறுகியவனே. சிறையிற் பிறந்தவன். தாய் குறிசொல்லுபவள், தந்தை கடூழியக் கைதி. தன் பிறப்பினின்றும் தப்புவதற்கு அவன் கண்ட வழி சட்டத்தோடு ஒன்றிவிடுவதே. ஒருவன் சட்டத்தால் இறுகினான், மற்றவன் சட்டமாகவே இறுகினான்.

1832 ஆம் ஆண்டு யூன் மாதப் பாரிஸ் எழுச்சியில், ஒற்றனாகப் பிடிபட்ட ஜாவரைக் கொல்லும் பொறுப்பைக் கேட்டுப் பெற்ற வல்ஜீன், அவனது கட்டை அறுத்து விடுவிக்கின்றான். ஆயரிடம் பெற்றதை அவன் இவ்வாறு கைமாற்றுகின்றான். பின்னர் வல்ஜீன் தன் கையில் அகப்பட்டபோது ஜாவரும் அவனைக் கைதுசெய்யாது விட்டுவிடுகின்றான். குற்றவாளி தன்னிலும் உயர்ந்தவனாக இருக்கலாம் என்பதையும் அவனால் மறுக்க முடியவில்லை. சட்டத்தை விட்டு வாழவும் தெரியவில்லை. ஸேன் நதியிற் பாய்ந்து உயிர் விடுகின்றான். இதனைக் கொண்டு, கருணை ஒருவனை எழுப்பியது, மற்றவனை அழித்தது எனப் பலர் முடிவு செய்வர்.

நாம் அவ்வாறு கொள்ளவில்லை. நதிக்குச் செல்லுமுன் ஜாவர் பொலிஸ் நிலையமொன்றில் அமர்ந்து, நிருவாகத்தின் நன்மைக்கென ஒரு குறிப்பு எழுதுகின்றான். விசாரணையிலிருந்து வருங் கைதிகளைச் சோதனையிடும்போது சப்பாத்தைக் கழற்றுவித்து வெறுங்காலுடன் கல்தரையில் நிற்கவைக்கின்றனர். பலர் இருமலுடன் திரும்புகின்றனர் என்கின்றான். சிறை நெசவுச்சாலையில் ஓர் இழை அறுந்தாற் பத்து சூ வெட்டுவது ஒப்பந்தகாரரின் முறைகேடு என்கின்றான். இவ்வாறு பத்து விடயங்கள். பின்னர் ஒப்பமிட்டு, நாளும் நேரமும் குறித்து வைக்கின்றான்.

வாழ்நாள் முழுவதும் கைதியின் முதுகையே கண்டவன், அன்று அவனது பாதங் குளிர்வதைக் கண்டான். அவனிடத்தும் நற்பண்பு விழித்தது. தனக்குத் தெரிந்த ஒரே மொழியாகிய அலுவலக மொழியில் அது பேசியது. வல்ஜீனின் கூலிக் கணக்கில் நிகழ்ந்த அநீதியும் ஜாவர் சுட்டிய பத்து சூவும் ஒரே வகையின. நாவலின் தொடக்கத்திற் கைதியின் பகைமையாயிருந்த கணக்கு, அதன் முடிவிற் காவலனின் மனச்சான்றாக எழுகின்றது.

முடிவுரை

கருணை மனிதனை மாற்றுமா, அமைப்பே மாறவேண்டுமா என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவது பொருந்தாதென்பதை இந்நாவல் உணர்த்துகின்றது. இறுகிய நெஞ்சைத் திறக்க ஒரு மனிதனின் செயல் வேண்டியதே. எந்தச் சட்டமும் வல்ஜீனை அன்று அழவைத்திருக்க முடியாது. ஆனால் அச்செயல் கடனை ஒப்புக்கொள்ளும் செயலாக இருக்கவேண்டும். அன்றியும், அது விதியாகவும் கூலியாகவும் கைதியின் காலுக்குச் சப்பாத்தாகவும் மாறவேண்டும். இல்லையெனில் அடுத்த அறையில் ஒரு ஃபன்தீன் வெளியேற்றப்படுவாள்.

ஆயர் கொடுத்த தண்டுகளை வல்ஜீன் இறுதிவரை விற்கவில்லை. அவன் இறக்கும் வேளையிலும் அவற்றில் மெழுகுதிரி எரிந்தது. வாசகர் நினைவில் நிலைப்பது அவ்வொளியே. ஜாவரின் குறிப்பைப் பின்னர் எவரும் நிறைவேற்றியதாக நாவலில் இல்லை. தண்டுகளைப் போற்றும் நாம் அக்குறிப்பையும் எடுத்து வாசித்தல் கடனாகும்.