எழுந்து நிற்கிறோமே, அது யார் தந்த பாட்டு?

பொங்கல் விழாவாகட்டும், சித்திரைத் திருநாளாகட்டும், தமிழ்ச் சங்க மேடைகளில் முதலில் ஒலிப்பது தமிழ்த்தாய் வாழ்த்து. ஒலிபெருக்கியில் டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் பாடத் தொடங்கியதும் அரங்கமே எழுந்து நிற்கிறது. ஆனால் நம் பிள்ளைகளில் பலர் உதட்டை மட்டும் அசைக்கிறார்கள். "இது உங்க ஊர்ப் பாட்டுதானே அப்பா, எங்களுக்கு என்ன?" என்று அவர்கள் கேட்டால் என்ன பதில் சொல்வது?

அந்தப் பாட்டின் கதையையே சொல்லலாம்.

எழுதியவர் பேராசிரியர் சுந்தரம் பிள்ளை. 1855-ல் ஆலப்புழையில் பிறந்தவர். தத்துவம் கற்பித்தது திருவனந்தபுரத்தில். திருவிதாங்கூர் மன்னராட்சியில் வாழ்ந்துகொண்டே 1891-ல் 'மனோன்மணீயம்' நாடகத்தைத் தமிழுக்குத் தந்தார். அதன் தொடக்கத்தில் வரும் வாழ்த்தின் ஒரு பகுதியைத்தான் 1970-ல் தமிழக அரசு தன் விழாக்களுக்கு உரிய பாடலாக ஏற்றுக்கொண்டது.

மெட்டமைத்தவர் 'மெல்லிசை மன்னர்' எம்.எஸ். விஸ்வநாதன். 1928-ல் பாலக்காட்டுக்குக் கிழக்கே, இன்றைய தமிழக எல்லைக்குப் பக்கத்திலுள்ள எலப்புள்ளியில் பிறந்தார். அப்போது அது சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டம், 1956-ல் கேரளமாயிற்று. தாய்மொழி மலையாளம். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, கண்ணூரில் தாத்தா வீட்டில் வளர்ந்தார். அங்கே நீலகண்ட பாகவதரிடம் இசை கற்றார். பிறகு படக் கம்பெனியில் எடுபிடி வேலை. 1952-ல் சி.ஆர். சுப்பராமன் திடீரென மறைந்தபோது, அவர் பாதியில் விட்ட படங்களை டி.கே. ராமமூர்த்தியோடு சேர்ந்து முடித்துக் கொடுத்தார். அங்கிருந்து வளர்ந்ததுதான் புகழ்பெற்ற அந்த இரட்டையர் இசை.

வாழ்த்துக்கு அவர் தேர்ந்தெடுத்தது மோகன ராகம். பழந்தமிழர் முல்லைப்பாணி என்றது இதைத்தான் என்பார்கள். மத்தியமமும் நிஷாதமும் இல்லாமல் ஐந்தே சுரங்கள்; மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடை. கச்சேரி ஞானம் இல்லாதவரும் கூடச் சேர்ந்து பாடிவிடலாம்.

பாடியவர்களைப் பாருங்கள். சௌந்தரராஜன் மதுரைக்காரர், வீட்டில் பேசியது சௌராஷ்டிரம். சுசீலா ஆந்திரத்து விஜயநகரத்தில் பிறந்தவர், தாய்மொழி தெலுங்கு. அவர்கள் தமிழ் உச்சரிப்பில் யாராவது குறை சொல்ல முடியுமா?

ஆக, எழுதியவர் திருவிதாங்கூர்த் தமிழர். மெட்டமைத்தவர் பாலக்காட்டு மலையாளி. பாடியவர்கள் சௌராஷ்டிரரும் தெலுங்கரும். தமிழை விரும்பிக் கற்றவர்கள் எல்லாரும் கூடித் தந்த பாட்டு இது. அப்படியானால் எல்லைக்கு வெளியே பிறந்த நம் பிள்ளைக்கு இதில் பங்கில்லை என்று யார் சொல்ல முடியும்?

2021-ல் தமிழக அரசு இதை மாநிலப் பாடலாக அறிவித்தது. இசைத்தட்டைச் சுழலவிடாமல், பயிற்சி பெற்றவர்கள் 55 வினாடியில் வாயாரப் பாட வேண்டும் என்றும் நெறிமுறை வகுத்தது. 2015-ல் மறைந்த விஸ்வநாதன் அதைக் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

அடுத்த விழாவுக்கு நாமும் அப்படியே செய்தால் என்ன? பழைய பதிவை வீட்டில் போட்டுக் கேட்டுப் பழகட்டும். மேடையில் பொத்தானை அழுத்த வேண்டாம். ஐந்தாறு பிள்ளைகளை நிறுத்திப் பாடச் சொல்வோம். சுருதி கொஞ்சம் விலகினாலும் பரவாயில்லை. பின்வரிசைப் பிள்ளையும் கூடப் பாடும்.