கண்ணைப் பார்க்காத பையன்

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். உங்கள் நண்பர் ஒருவரை எதிரில் உட்கார வைத்து, அவருடைய கண்களையே நேராகப் பார்த்துக்கொண்டு, 17-ஐ 6-ஆல் பெருக்கி விடை சொல்லுங்கள். தாளும் பென்சிலும் கூடாது. என்ன ஆயிற்று? விடை கிடைப்பதற்குள் உங்கள் பார்வை கூரைக்கோ சன்னலுக்கோ போயிருக்கும். எதிரில் இருப்பவரின் முகம் நம் மூளைக்கு ஓயாமல் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. கடினமான வேலை வந்ததும் மூளை அந்த வாசலைக் கொஞ்ச நேரம் சாத்திவிடுகிறது. ஆசிரியர் கேள்வி கேட்டதும் நீங்கள் விட்டத்தைப் பார்ப்பது இதனால்தான்!

இனி, சாதாரணப் பேச்சுக்கே இப்படிப் பார்வையை விலக்கினால்தான் பதில் சொல்ல முடியும் என்று ஒருவர் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 1957-இல் பிறந்த ஜான் எல்டர் ராபிசன் அப்படித்தான் வளர்ந்தார். "என் கண்ணைப் பார்த்துப் பேசு" என்று பெரியவர்கள் அவரை அதட்டிக்கொண்டே இருந்தார்கள். பார்க்காததால், பையன் எதையோ மறைக்கிறான் என்று முடிவு கட்டினார்கள். 2007-இல் அவர் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோது அந்த அதட்டலையே புத்தகத்தின் பெயராக வைத்தார்: 'லுக் மீ இன் தி ஐ'.

ராபிசனுக்கு இருப்பது ஆஸ்பெர்கர் சிண்ட்ரோம். பேச்சிலும் அறிவிலும் பின்தங்காமல், மற்றவர்களோடு பழகும் வழிகள் மட்டும் பிடிபடாமல், ஏதோ ஒரு துறையில் மிகுந்த ஈடுபாட்டோடு இருக்கும் குழந்தைகளைப் பற்றி வியன்னாவின் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944-இல் எழுதினார். லண்டன் மருத்துவர் லோர்னா விங் 1981-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகே இந்தப் பெயர் உலகில் பரவியது. 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு இதைத் தனிப் பெயராக வைக்காமல் ஆட்டிசம் என்ற பெரிய வகையில் சேர்த்துவிட்டது. (ஆஸ்பெர்கர் நாஜி ஆட்சியோடு ஒத்துழைத்து, குழந்தைகள் கொல்லப்பட்ட ஒரு நிலையத்துக்குச் சில குழந்தைகளை அனுப்பினார் என்பது ஆவணங்களோடு 2018-இல் வெளிவந்தது. அதன்பின் அந்தப் பெயரைச் சொல்லவே சிலர் கூசுகிறார்கள்.)

பெயர் இருக்கட்டும். புத்தகத்துக்கு வருவோம்.

சிறு குழந்தையாக இருந்தபோது ராபிசன் ஒரு சிறுமியோடு நட்பாக விரும்பினார். நாயைத் தடவிக் கொடுத்தால் அது நட்பாகும் என்று அம்மா சொல்லியிருந்தார். சிறுவனும் அந்தச் சிறுமியின் தலையை அப்படியே தடவிக் கொடுத்தான். அவளுக்குப் பிடிக்கவில்லை, அடித்துவிட்டாள். நாய்க்குச் சரியாக இருந்த வழி மனிதருக்கு ஏன் சரியில்லை என்று அவனுக்கு விளங்கவே இல்லை.

இன்னொரு நாள், யாரோ தெரியாத ஒரு சிறுவன் ரயிலில் அடிபட்டு இறந்த செய்தியை ஒருவர் சொல்ல, கேட்டுக்கொண்டிருந்த ராபிசனின் முகத்தில் புன்னகை வந்துவிட்டது. சொன்னவர் திடுக்கிட்டார். ராபிசனுக்கும் முதலில் காரணம் தெரியவில்லை. பிறகு யோசித்துக் கண்டுபிடித்தார்: இறந்தது தானும் அல்ல, தன்னைச் சேர்ந்தவர்களும் அல்ல என்ற நிம்மதிதான் அப்படி வெளிப்பட்டது. அந்த நிம்மதி நமக்கும் வரத்தான் செய்யும். நாம் முகத்தில் காட்டாமல் இருக்கக் கற்றிருக்கிறோம், அவ்வளவுதான்.

எதிரில் இருந்து குறிப்பெடுக்கும் மருத்துவர் என்ன எழுதுவார்? 'துயரச் செய்தியைக் கேட்டுச் சிரிக்கிறான், உணர்ச்சி இல்லை.' பல ஆண்டுகள் இப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தவர்களின் குறிப்புகள்தான் அதிகம். உள்ளே நடந்ததைச் சொல்ல அனுபவித்தவரே எழுத வேண்டியிருந்தது.

ஆய்வுக்கூடமும் இதே பக்கம்தான் வந்து சேர்ந்தது. 2005-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆட்டிசம் உள்ளவர்களுக்கு முகப் படங்களைக் காட்டி மூளையைப் படம் பிடித்தார்கள். அவர்கள் கண் பகுதியை அதிக நேரம் பார்க்கப் பார்க்க, அச்சம் முதலிய உணர்ச்சிகளோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற பகுதி அதிகமாக இயங்கியது. அப்படியானால் பார்வையை விலக்குவது அலட்சியமாக இல்லாமல், தற்காப்பாகவும் இருக்கலாம் அல்லவா?

ஆனாலும் ஒரு எச்சரிக்கை. தன்வரலாறு ஒரே ஒருவரைப் பற்றிய சான்று. அமெரிக்க விலங்கியல் அறிஞர் டெம்பிள் கிராண்டின், தாம் சொற்களால் சிந்திக்காமல் படங்களால் சிந்திப்பதாக 1995-இல் ஒரு புத்தகம் எழுதினார். ஆட்டிசம் உள்ள எல்லாருமே அப்படித்தான் என்று அப்போது நினைத்திருந்தார். பிறகு மற்றவர்கள் சொன்னதையும் எழுதியதையும் பார்த்துவிட்டு, 2006-இல் வந்த பதிப்பில் தாம் தவறாக நினைத்துவிட்டதாகத் திருத்தினார்: சிலர் எண், இசை போன்ற ஒழுங்குகளால் சிந்திக்கிறார்கள், சிலர் சொற்களாலேயே சிந்திக்கிறார்கள் என்றார். எனக்குப் புத்தகத்தைவிட இந்தத் திருத்தம்தான் அதிகம் பிடித்தது.

ராபிசனின் கதை 2007-இல் முடியவில்லை. பள்ளியைப் பாதியில் விட்டவர், மின்னணுவியலைத் தானே கற்று, 'கிஸ்' என்ற ராக் இசைக்குழுவுக்குத் தீயும் ஒளியும் கக்கும் கிட்டார்களைச் செய்து கொடுத்தார். பிறகு கார் பழுது பார்க்கும் நிலையம் வைத்தார். தமக்கு இருப்பதற்கு ஒரு பெயர் உண்டு என்பது ஏறத்தாழ நாற்பது வயதில், மனநல ஆலோசகரான ஒரு நண்பர் சொல்லித்தான் தெரிந்தது. 2008-இல் பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றில் அவர் ஒரு சோதனைக்கு உட்பட்டார். தலைக்கு வெளியே ஒரு கம்பிச் சுருளை வைத்து மின்சாரத்தை விட்டு விட்டுப் பாய்ச்சினார்கள். மாறும் காந்தப் புலம் மின்னோட்டத்தைத் தூண்டும் என்ற ஃபாரடே விதியை இயற்பியல் பாடத்தில் படித்திருப்பீர்களே, அதேதான்! இங்கே மின்னோட்டம் தூண்டப்பட்டது மூளையின் நரம்பு செல்களில்.

ஒரு நாள் சோதனை முடிந்து வீடு திரும்பும்போது காரில் ஒலித்த பழைய பாட்டு, மேடைக்குப் பக்கத்தில் நின்று கேட்டதுபோல் அவரை உலுக்கியது. மற்றவர்களின் முகங்களில் இருந்த கவலையும் அன்பும் திடீரென்று தெரிந்தன. பின்னர் 2016-இல் 'ஸ்விட்ச்ட் ஆன்' என்ற புத்தகத்தில் அவர் இதையெல்லாம் எழுதினார். கூடவே இன்னொன்றையும் எழுதியிருக்கிறார். தம்மோடு சேர்ந்து சிரித்ததாக இத்தனை காலம் நம்பியிருந்த சில பழைய நண்பர்களை நினைத்துப் பார்த்தார். அவர்கள் தம்மைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. சோதனையின் விளைவு பெருமளவு மங்கிவிட்டது. புரிந்தது மட்டும் மறையவில்லை.