கீசர் பிளக் கொதிக்குதா? எம்சிபி காப்பாற்றும் என்று இருந்துவிடாதீர்கள்!

காலையில் குளித்து முடித்து கீசரை ஆஃப் செய்து, பிளக்கைக் கழற்றும்போது கை சுடுகிறது. லேசாக பிளாஸ்டிக் கருகிய வாசனை. ‘கீசர்தானே, சூடாத்தான் இருக்கும்’ என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் சூடாக வேண்டியது தண்ணீர்தான், பிளக் அல்ல. அதிக நேரம் ஓடினால் பிளக் வெதுவெதுப்பாக இருக்கலாம். கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால், அது எச்சரிக்கை.

ஏன் சூடாகிறது?

2,000 வாட்ஸ் கீசர், 230 வோல்ட் மின்சாரத்தில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். 3,000 வாட்ஸ் என்றால் 13 ஆம்பியர். இதற்கு 16 ஆம்பியர் ‘பவர் பிளக்’ வேண்டும். செல்போன் சார்ஜர் மாட்டும் சின்ன பாயின்ட் 6 ஆம்பியருக்கானது. கன்வெர்ட்டர் போட்டு அதில் கீசரை மாட்டினால் சூடாகாமல் என்ன செய்யும்?

சரியான பாயின்ட்டிலும் பிரச்னை வரலாம். சாக்கெட்டுக்குள் இருக்கும் உலோகப் பட்டைகள் நாளடைவில் தளர்ந்துவிடும். வயரைப் பிடிக்கும் திருகும் லூஸாகும். அந்த இடத்தில் கால் ஓம் மின்தடை உருவானால் போதும், 13 ஆம்பியர் பாயும்போது சுமார் 40 வாட்ஸ் வெப்பம் அங்கேயே உண்டாகும். 25 வாட்ஸ் சால்டரிங் அயர்ன் ஈயத்தையே உருக்கிவிடுகிறது என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சூட்டில் பட்டை இன்னும் தளரும், சூடு இன்னும் கூடும்.

எம்சிபி ட்ரிப் ஆகாதா?

ஆகாது. பலர் ஏமாறும் இடம் இதுதான். அளவுக்கு மீறி கரண்ட் பாய்ந்தால் மட்டுமே எம்சிபி விழும். லூஸ் கனெக்‌ஷனில் கரண்ட் கூடுவதில்லை, சூடுதான் கூடுகிறது. ஆர்சிசிபி கண்டுபிடிப்பதும் மின்கசிவை மட்டுமே. அதனால், பிளக் உருகினாலும் இரண்டும் பேசாமல் இருக்கலாம்.

உடனே என்ன செய்ய வேண்டும்?

* பிளக்கைப் பிடுங்காதீர்கள். முதலில் கீசருக்கான எம்சிபியை ஆஃப் செய்யுங்கள். ஈரக் கையோடு எதையும் தொட வேண்டாம்.
* சூடு தணிந்த பிறகு பாருங்கள். பின் கறுத்திருந்தாலோ, சாக்கெட் ஓட்டை பழுப்பாகி இருந்தாலோ, வயரின் மேலுறை இறுகி விரிசல் விட்டிருந்தாலோ சரிசெய்யும் வரை கீசரைப் போடக் கூடாது.
* புகையோ தீயோ வந்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. முடிந்தால் மெயினை ஆஃப் செய்துவிட்டு வெளியேறி 101 அல்லது 112-ஐ அழையுங்கள்.

எலக்ட்ரீஷியனிடம் என்ன கேட்பது?

பிளக்கை மட்டும் மாற்றிவிட்டுப் போனால் வேலை முடியாது. கருகிய சாக்கெட் புது பிளக்கையும் கருக்கிவிடும். இரண்டையும், ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதாகப் பார்த்து, சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். கறுத்த வயரை அப்படியே முறுக்கி மாட்டக் கூடாது. பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டிவிட்டு, திருகை இறுக்க வேண்டும். கீசர் லைனுக்கு 2.5 சதுர மி.மீ. செம்பு வயராவது இருக்கிறதா, எர்த் சரியாக இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். ‘எம்சிபியைப் பெருசா மாத்திடலாம் சார்’ என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது வயருக்கு இருக்கும் பாதுகாப்பையும் எடுத்துவிடும்.

வாடகை வீடா? கருகிய பாயின்ட்டை போட்டோ எடுத்து ஹவுஸ் ஓனருக்கு அனுப்புங்கள். சுவருக்குள் போகும் வயரிங் அவர் பொறுப்பு என்று எடுத்துச் சொல்லலாம். ஆனால் அவர் பதில் சொல்லும் வரை அந்த ஸ்விட்சைப் போடாதீர்கள். அதுவரை அடுப்பில் வெந்நீர் வைத்துக் குளித்தால் ஒன்றும் குறைந்துவிடாது.