கடல் பார்த்த மனை

கிழக்குப் பார்த்த மனை கேள்விப்பட்டிருப்பீர்கள். வடக்குப் பார்த்த மனையும் உண்டு. இப்போது "கடல் பார்த்த மனை" என்று ஒரு புது ரகம் விலைக்கு வந்திருக்கிறது. விளம்பரத்தில் ஒரு தென்னை மரம். அதனடியில் ஓர் ஊஞ்சல். அதற்கு அப்பால் நீலக் கடல். "தீவு போன்ற அமைதி! தவணை வசதி உண்டு!" என்று கீழே கொட்டை எழுத்து.

கைப்பேசியில் வந்த அந்தப் படத்தைப் பார்த்து என் அத்தை மயங்கிப் போய்விட்டாள். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த பணம் பாங்கியில் இருக்கிறது. "இந்தப் பட்டணத்துச் சத்தம் போதும். காரைக்கால் பக்கமாம். நீயும் துணைக்கு வா, பார்த்துவிட்டு வருவோம்" என்றாள். போனோம். எங்களோடு நீங்களும் வாருங்கள்.

நிலத்துக்குள் ஒரு தீவு

சென்னையிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர். பஸ் உண்டு, ரயில் உண்டு. கடற்கரைச் சாலையில் தரங்கம்பாடியைத் தாண்டி நண்டலாற்றைக் கடந்தால், போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி முளைத்துவிடுகிறது. மூன்று பக்கமும் தமிழ்நாடு, நாலாவது பக்கம் கடல், ஆட்சியோ 130 கிலோமீட்டருக்கு வடக்கே இருக்கும் புதுச்சேரியுடையது. இதைத் தீவு என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

1739-ல் தஞ்சை மராட்டிய மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன ஊர் இது. 1954 நவம்பர் 1-ந் தேதி ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான ஒப்படைப்பு முடிந்தது 1962 ஆகஸ்டு 16-ல்தான். சுமார் 160 சதுர கிலோமீட்டர் பரப்பு. 2011 கணக்குப்படி இரண்டு லட்சம் ஜனங்கள்.

பார்க்க வருகிறவர்களுக்குக் குறையே இல்லை. மேற்கே சற்றுத் தூரத்தில் திருநள்ளாறு. சனிக்கிழமையில் போனால் கூட்டத்தில் நசுங்க வேண்டும். வேறு கிழமையில் நிதானமாகத் தரிசிக்கலாம். ஊருக்குள்ளேயே காரைக்கால் அம்மையாருக்குக் கோயில். ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டி மாங்கனித் திருவிழா. பிட்சாடனர் வீதி உலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழங்களை வீசுவார்கள். கீழே நிற்கிறவர்கள் பிடித்துக்கொள்வார்கள். சாயங்காலம் அரசலாறு கடலோடு கலக்கும் இடத்தில் போய் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. மீன் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது நல்ல மீனுக்கு ஏங்க வேண்டியதுதான்.

"காலியாத்தான் இருக்கு!"

மறுநாள் காலை தரகர் எங்களை மனைக்கு அழைத்துப் போனார். ஒரு மீனவ கிராமத்தின் ஓரம். நடுக்கல் நட்டு வெள்ளையடித்திருந்தார்கள். எதிரே கடல். படத்தில் கண்ட ஊஞ்சல் மட்டும்தான் இல்லை. "பாருங்கம்மா, ஈ காக்கை இல்லாமல் காலியாகக் கிடக்கிறது" என்றார் அவர்.

பக்கத்தில் கருவாடு உலர்த்திக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி சிரித்தாள். "காலியாத்தான் இருக்கும். படகெல்லாம் கடல்ல கெடக்கே! மத்தியானம் வந்து பாரு தாயி."

மத்தியானம் போய்ப் பார்த்தோம். நடுக்கல்லைச் சுற்றிப் படகுகள், விரித்த வலைகள், கூடைகள், பேரம் பேசும் பெண்கள்! நிற்க இடமில்லை. அத்தைக்கு விற்க வந்தது மனை அல்ல. ஒரு கிராமத்தின் முற்றம்.

அத்தை அந்த மூதாட்டியின் அருகில் மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். தரகர் காட்டாத பலவற்றையும் நாங்கள் அங்கேதான் கற்றுக்கொண்டோம்.

காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, காசாக்குடிமேடு, கோட்டுச்சேரிமேடு என்று இந்தக் கரையில் எத்தனை மேடுகள், கவனித்தீர்களா? பெயரிலேயே பாடம் இருக்கிறது. மணல் மேடு பார்த்துக் குடியிருப்பது கடலை அறிந்தவர்களின் வழக்கம். அவர்களையே 2004 டிசம்பர் 26-ல் சுனாமி விடவில்லை. காரைக்கால் கரையில் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். அதன் பிறகு கடலை விட்டுத் தள்ளி அவர்களுக்குப் புது வீடுகள் எழும்பின. கடலில் பிழைக்கிறவர் பின்வாங்கிய இடத்தில் நாம் ஊஞ்சல் போட ஆசைப்படுகிறோம்!

குடத்தைக் கேளுங்கள்

"சித்திரையில பாக்காதே, ஐப்பசியில வந்து பாரு" என்றாள் மூதாட்டி. குடகில் பிறந்த காவிரி கிளை கிளையாகப் பிரிந்து கடைசியில் வந்து சேரும் இடங்களில் ஒன்று இந்தச் சீமை. கோடையில் தண்ணீருக்குக் கடைசி வரிசை. காவிரி நடுவர் மன்றம் 2007-ல் புதுச்சேரி மாநிலத்துக்கென்று ஒதுக்கியது 7 டி.எம்.சி.; 2018-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை மாற்றவில்லை. வடகிழக்குப் பருவ மழையிலோ, மேட்டு நிலத்து வெள்ளமெல்லாம் இவ்வழியாகத்தான் கடலுக்கு வடிய வேண்டும். முகத்துவாரத்தை மணல் அடைத்திருந்தால் வெள்ளம் எங்கே தங்கும்? தாழ்ந்த மனையில்தான்.

குடிநீர் விஷயம் இன்னும் நுட்பமானது. கடலோர மணலுக்கு அடியில் உப்புத் தண்ணீரின் மேல் நல்ல தண்ணீர் மிதந்துகொண்டிருக்கிறது, பாலின் மேல் ஆடை போல. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. மோட்டார் போட்டு மேலே ஓர் அடியை இறைத்துவிட்டால் கீழேயிருந்து உப்பு நாற்பது அடி ஏறி வரும். ஐம்பது மனைக்கு ஐம்பது ஆழ்துளைக் கிணறு போட்டால் அந்த ஆடை எத்தனை நாள் தாங்கும்? ஆகையால் மனை பார்க்கப் போகும்போது பக்கத்து வீட்டில் ஒரு செம்பு தண்ணீர் கேட்டுக் குடியுங்கள். அது எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கள். எந்தப் பெண்ணும் இதற்குப் பொய் சொல்லமாட்டாள்.

பாரிஸில் ஓர் அக்காள்

பத்திரத்துக்கு வருவோம். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதி என்று ஒன்று உண்டு. 1991-ல் வந்தது, 2011-லும் 2019-லும் மாற்றி எழுதப்பட்டது. பேரலை ஏறும் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 500 மீட்டர் வரை அதன் ஆட்சி. கிராமப்புறத்தில் கடலை ஒட்டிய பட்டையில் புது வீடே எழுப்பக்கூடாது. 2019 விதிப்படி ஜன நெருக்கம் மிகுந்த ஊரில் அந்தப் பட்டை 50 மீட்டர், மற்ற ஊரில் 200 மீட்டர். மனையை விற்பதற்குத் தடை இல்லாமல் இருக்கலாம். வீடு கட்டத்தான் தடை! கடற்கரை மண்டல வரைபடத்தில் உங்கள் சர்வே எண் எங்கே விழுகிறது என்று எழுத்து மூலம் தெரிந்துகொள்ளாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

காரைக்காலுக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. 1881-ஆம் ஆண்டு ஆணைப்படி பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்ற குடும்பங்களும், 1962-ல் கிடைத்த ஆறு மாத அவகாசத்தில் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களும் இங்கே இருந்தன. அவர்களின் சந்ததியார் பலர் பிரான்ஸில் இருக்கிறார்கள். பழைய பத்திரம் பிரெஞ்சு மொழியில் இருந்தால் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். பிரெஞ்சு சிவில் சட்டத்தில் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் சம பங்கு. நம் இந்து வாரிசுரிமைச் சட்டமும் 2005 திருத்தத்துக்குப் பின் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தருகிறது. இங்கே தம்பி கையெழுத்துப் போட்டு விற்பார். பாரிஸில் இருக்கும் அக்காளுக்குச் சங்கதியே தெரியாது! பிற்பாடு அவள் வழக்குப் போட்டால் நியாயம் அவள் பக்கம். ஆகையால் வில்லங்கச் சான்று மட்டும் போதாது. வாரிசுப் பட்டியலையும், வெளிநாட்டிலிருந்து வந்த அதிகாரப் பத்திரத்தையும் நல்ல வக்கீலிடம் காட்டுங்கள். ரிஜிஸ்தர் நடப்பது புதுச்சேரி அரசின் சட்டப்படி. தமிழ்நாட்டுக் கணக்கை அங்கே போடாதீர்கள்.

அத்தை என்ன செய்தாள் என்கிறீர்களா? தரகரிடம், "உங்கள் மனை ரொம்ப நன்றாக இருக்கிறது. ஆனால் அது காலியாக இல்லையே!" என்றாள். பிறகு ஊருக்குள் திண்ணை வைத்த ஓட்டு வீடு ஒன்றை ஆனி மாதத்துக்கு வாடகை பேசி முடித்தாள். மூதாட்டியிடம் இரண்டு படி கருவாடும் வாங்கிக்கொண்டாள்.

நீங்களும் போய் வாருங்கள். மேலேயிருந்து விழும் மாம்பழத்தை மடியேந்திப் பிடியுங்கள். யாரும் குறை சொல்லமாட்டார்கள். மனையை மட்டும் அப்படி மடியேந்தி வாங்கிவிடாதீர்கள்!