தவளைக் காலும் தகர வாளியும்

ஜி.ஐ. வாளி, ஜி.ஐ. பைப் என்று நாம் அன்றாடம் சொல்கிறோமே, அந்த ‘ஜி’க்குள் ஒரு மனிதரின் பெயர் இருக்கிறது. லூயிஜி கால்வானி, இத்தாலியின் பொலோனா நகரத்து உடற்கூறியல் பேராசிரியர். அவர் பெயரிலிருந்து பிறந்த ‘கால்வனைஸ்’ (galvanise) என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு, இரும்புக்குத் துத்தநாகம் பூசுவது என்றும் பொருள். சோர்ந்து கிடப்பவரை ஒரே உலுக்கில் எழுப்பிச் செயலில் இறக்குவது என்றும் பொருள். இரண்டுக்கும் மூலம் செத்த தவளைதான்.

தோலுரித்த தவளையின் முதுகுத்தண்டில் பித்தளைக் கொக்கி மாட்டி, அதை இரும்புக் கம்பியில் அழுத்தினார் கால்வானி. உயிரில்லாத கால் வெடுக்கென்று உதைத்தது! விலங்குடம்புக்குள்ளேயே மின்சாரம் இருக்கிறது என்று 1791இல் எழுதினார். இன்னொரு இத்தாலிய அறிஞரான வோல்டா ஒப்பவில்லை. இரண்டு வேறு உலோகங்கள் ஈரத்தில் சேர்ந்ததால் வந்த மின்சாரம் அது என்றார். அந்த வழக்கிலிருந்துதான் 1800இல் அவருடைய மின்கலம் பிறந்தது. கால்வானி முழுக்கத் தோற்றதாக நான் நினைக்கவில்லை. நம் நரம்புகளில் ஓடுவதும் மின்சமிக்ஞைகளே என்பது பின்னால் உறுதியானது.

1803இல் கால்வானியின் சகோதரி மகன் அல்தீனி, லண்டனில் தூக்கிலிடப்பட்ட ஒருவரின் உடலில் மின்சாரம் பாய்ச்சினார். தாடை நடுங்கியது, ஒரு கண் திறந்தது, கை மேலே எழுந்தது. பார்த்தவர்களின் திகில் இன்னும் ‘கால்வனைஸ்’ என்ற சொல்லில் ஒட்டியிருக்கிறது. அதனால் மெல்ல மெல்லத் தேற்றுவதற்கு அது பொருந்தாது. அசையாமல் கிடந்த ஒன்று சட்டென்று துள்ள வேண்டும்.

தமிழில் இதை ‘உற்சாகப்படுத்தினார்’ என்று எழுதும்போது அந்த வெடுக் காணாமல் போகிறது. ‘உசுப்பிவிட்டார்’ கிட்டே வருகிறது, ஆனால் அதில் வம்புக்குத் தூண்டும் வாடை. ஆட்களுக்கு ‘உலுக்கி எழுப்பியது’, பணிகளுக்கு ‘முடுக்கிவிட்டது’ என்றுதான் நான் எழுதுவேன்.

வாளிக்கு வருவோம். உருகிய துத்தநாகத்தில் இரும்பை முக்கியெடுக்கும் முறைக்கு 1837இல் பிரான்ஸில் சொரேல் என்பவர் காப்புரிமை வாங்கினார். முக்கும்போது யாரும் மின்சாரம் பாய்ச்சுவதில்லை. பிறகு ஏன் கால்வானி பெயர்? பூச்சில் கீறல் விழுந்து ஈரம் பட்டால், இரும்புக்கும் துத்தநாகத்துக்கும் இடையே சின்னதாக ஒரு மின்னோட்டம் கிளம்பும். கொக்கியும் கம்பியும் செய்த அதே வேலை. அதில் துத்தநாகம் முதலில் கரைகிறது, இரும்பு தப்புகிறது. புது வாளியின் மேல் பூப்பூவாய் மின்னுவது அந்தத் துத்தநாகப் படிகங்கள். பல வருஷம் தண்ணீர் சேந்திய பிறகு பூ மங்கிச் சாம்பல் நிறமாகிவிடும். அப்போதும் பூச்சு மிச்சமிருந்தால் கீறலில் துரு எளிதில் ஏறாது.